இடுப்புக் கட்டு

மாட்டுங்காவில் ஸ்மிதா டீச்சரின் வகுப்பில், கூரையிலிருந்து ஆறு இரும்பு வளையங்கள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் ஒரு ஆள் உள்ளே உட்காரும் அளவு. பெண்கள் அதைப் பிடித்துத் தொங்குவார்கள், காலை மடக்கி உள்ளே ஏறுவார்கள், தலைகீழாகக் கிடப்பார்கள். கீழே தடித்த மெத்தை போட்டிருக்கும். மெத்தையைத் துடைப்பதும், வளையத்தில் சுற்றியிருக்கும் துணி நாடாவில் ஏறும் வியர்வையைத் துடைத்தெடுப்பதும், தரை பெருக்குவதும் என் வேலை.

சேர்ந்த புதிதில் இது சர்க்கஸ் பழகும் இடம் என்று நினைத்தேன்.

"சர்க்கஸெல்லாம் இல்லை, பூமாரியம்மா. வயித்துக்குப் பலம் வர்றதுக்கான எக்ஸர்சைஸ்" என்றார் டீச்சர்.

வயிற்றுக்குப் பலம் சோறுதானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். நான் சிரிப்பதை விட்டு அப்போது வெகு நாள் ஆகியிருந்தது.

இருபத்திரண்டு வருடம் கட்டட வேலைக்குப் போனவள் நான். எங்களைப் போன்ற சித்தாள்களைப் பம்பாயில் பிகாரி என்பார்கள். தாராவியிலிருந்து காலையில், கூலிக்கு ஆள் பிடிக்கும் முச்சந்தியான நாக்காவில் போய் நிற்பேன். கூப்பிட்ட இடத்துக்குப் போய்க் கலவையும் செங்கலும் சுமப்பேன். செம்பூரில் நான் கலவை சுமந்த ஏழு மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. சுமக்கப் போகும் பெண்கள் எல்லோரும் இடுப்பில் ஒரு கட்டு கட்டிக்கொள்வோம். பழைய சேலையை நீளமாகக் கிழித்து, அடிவயிற்றைச் சுற்றி, மூச்சு நிற்கிற அளவுக்கு இறுக்கி முடிச்சுப் போடுவது. கட்டு இல்லாமல் பாரம் தூக்கினால் குடல் இறங்கிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். மாலதி பிறந்த மூன்றாம் நாள் என் மாமியார் கட்டிவிட்ட கட்டு அது. முப்பதாம் நாள் அதே கட்டோடு கலவைச் சட்டி தூக்கப் போனேன். பிறகு நான் அதை விடவே இல்லை. குளிக்கும்போது அவிழ்ப்பேன், குளித்ததும் கட்டுவேன்.

நாற்பத்து மூன்று வயதில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் அது தொடங்கியது. தும்மினால், இருமினால், மாடிப்படி வேகமாக ஏறினால், சிரித்தால், கொஞ்சம் ஒண்ணுக்கு வந்துவிடும். யாரிடம் சொல்வது? கட்டு தளர்ந்துவிட்டது என்று நினைத்து இன்னும் இறுக்கினேன். இறுக்க இறுக்க அதிகமானது. அதிகமாக ஆக இன்னும் இறுக்கினேன். பாவாடைக்குள் துணி மடித்து வைத்துக்கொண்டு, பாரம் தூக்கும் வேலையை விட்டுத் துடைக்கும் வேலைக்கு வந்தேன்.

என் மகள் மாலதியைக் கட்டிக்கொடுத்தது நெருளில். மருமகன் மகேஷ்குமார் ஏசி ரிப்பேர் பார்ப்பவர். அவர்கள் புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று நானும் போயிருந்தேன். புது சோபா. உறைகூடப் புதுசு. சம்பந்தியம்மாள் முப்பிடாதியம்மாள் என்னை அதில் உட்காரவைத்து, கையில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். ஊரையே சிரிக்கவைக்கும் வாய் அவருக்கு.

"மயினி, ஒங்க மருமவன் கூத்தக் கேட்டியளா? பால் பொங்குதத படம் புடிக்கேன்னு போனத் தூக்கிட்டு நிக்கான். பால் பொங்கி அடுப்பே அணைஞ்சு போச்சு. போனப் பாத்துட்டு என்ன சொல்லுதான் தெரியுமா? 'எம்மா, ரெக்கார்டு ஆவல, இன்னொருவாட்டி பொங்கச் சொல்லு'ங்கான்!"

வீடே சிரித்தது. நானும் என்னை மறந்து சிரித்துவிட்டேன்.

சிரிப்பு அடங்கி எழுந்தபோதுதான் தெரிந்தது. சோபா உறையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். யாரும் பார்ப்பதற்கு முன்னால் கையில் இருந்த டம்ளரை அதன்மேல் சாய்த்தேன். "ஐயையோ, கை தவறிட்டே" என்றேன். சேலையிலும் கொஞ்சம் கொட்டிக்கொண்டேன். ஈரச் சேலையோடு எப்படி இருப்பது என்று சொல்லி, இலை போடுவதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். மாலதி வாசல் வரை வந்து, "மாத்துச் சேல தாரேம்மா, சாப்பிட்டுட்டுப் போ" என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு ஒரு வருடம் நெருள் பக்கம் போகவில்லை. சயானில் ஏறி, குர்லாவில் பாலம் ஏறி இறங்கி வண்டி மாறி, நெருள் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். லோக்கல் வண்டியில் கக்கூஸ் கிடையாது. போய்ச் சேர்ந்தாலும் அந்த சோபா இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்குச் சொன்னேன். லீவு கிடைக்கவில்லை, காய்ச்சல், ஒங்கப்பாவுக்குக் கால் வலி.

மாலதிக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது போன் பண்ணினாள்.

"எம்மா, டெலிவரி ஆனப்பொறம் நாப்பது நாளு நீ இங்கன வந்து இருக்கணும். தாராவி வீட்டுல என்னால இருக்க முடியாது. பாத்ரூமுக்கு லைன்ல நிக்க முடியாது."

"ஒங்க மாமியார் இருக்காவல்லா?"

"அவுக இருக்காவ. வயித்தக் கட்டுறதுக்குப் பெத்தவ கை வேணும்னு அவுகளே சொல்லுதாவ. நீ வருவியா, மாட்டியா?"

"பாப்பம்ட்டி."

"பாப்பம் பாப்பம்னு இன்னும் எதப் பாக்கப்போற? எங்க வீட்டுல நீ பச்சத்தண்ணிகூட குடிக்க மாட்ட. அன்னைக்குக் குடுத்த தண்ணியையும் கீழ ஊத்திட்டுத்தான போன. அவுக வீட்டு ஆளுகள ஒனக்குப் பிடிக்கலன்னா எதுக்கும்மா என்னய அங்க கட்டிக்குடுத்த?"

போனை வைத்துவிட்டாள். அவள் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். உண்மையைச் சொன்னால் அவள் மனம் ஆறும். ஆனால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் போய் நாற்பது நாள் இருந்தாலோ, நாலு நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். போகாவிட்டால் என் மகள் எனக்கு இல்லை. எந்தப் பக்கமும் வழி தெரியாமல் நான்கு நாள் தூங்கவில்லை.

அந்த வாரம்தான் வகுப்பில் அது நடந்தது.

செம்பூரிலிருந்து ஸ்கூட்டரில் வரும் அதீபா என்ற பெண், பிள்ளை பெற்று ஆறு மாதம் ஆனவள். வளையத்தைப் பிடித்துத் தொங்கி, இரண்டு முழங்காலையும் நெஞ்சுக்கு இழுத்தாள். சட்டென்று கையை விட்டு இறங்கினாள். மெத்தையில் ஒரு சிறிய ஈரம்.

"ஸாரி மௌசி, பானி கிர் கயா" என்றாள் என்னைப் பார்த்து. தண்ணீர் கொட்டிவிட்டதாம்.

அவளுடைய தண்ணீர் பாட்டில் மூடியோடு சுவர் ஓரமாக நின்றிருந்தது. நான் பாட்டிலைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். அந்தத் தண்ணீர் என்ன தண்ணீர் என்று இந்தக் கூடத்தில் என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? துணியை எடுத்து வந்து குனிந்தேன். "பரவாயில்லம்மா, தண்ணிதான" என்று இந்தியில் சொன்னேன்.

என்ன நினைத்தாளோ, அவள் சிரித்துவிட்டாள்.

"தண்ணியும் இல்ல ஒண்ணும் இல்ல. டீச்சர், எனக்கு லீக் ஆகிடுச்சு" என்று இந்தியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

நான் துடைத்த கையோடு நின்றேன். அடுத்த வளையத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு பெண், "எனக்கும் அப்படி ஆகும்ப்பா" என்றாள். மூலையிலிருந்து ஒருத்தி, "ஸ்கிப்பிங் பண்ணினா எனக்கும்" என்றாள். நல்ல துணி போட்ட, பாங்கில் வேலை பார்க்கிற, கார் ஓட்டுகிற பெண்கள். எனக்கு மட்டும் வந்த கேடு என்று நான் மூடி வைத்திருந்ததை அவர்கள் சாம்பாரில் உப்பு குறைவு என்கிற மாதிரி பேசினார்கள்.

டீச்சர் எல்லோரையும் கீழே உட்காரச் சொன்னார். வயிறு என்பது முன்பக்கம் மட்டும் இல்லை என்றார். அதற்கு மேலே மூச்சு ஒரு மூடி மாதிரி, சுற்றிலும் சுவர், அடியில் ஒரு தளம். தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கினால் அத்தனை பாரமும் அடித்தளத்தில் இறங்கும். முதலில் மூச்சை விடு, விடும்போதே அடித்தளத்தை மேலே இழு, அதன் பிறகு தூக்கு. வளையத்தில் கால் தூக்குவதற்கும் இதுதான், பிள்ளையைத் தூக்குவதற்கும் இதுதான்.

நான் ஒரே துணியை வாளியில் அலசிக்கொண்டே இருந்தேன். கலவைச் சட்டியைத் தலைக்கு ஏற்றும்போது எங்கள் மேஸ்திரி போடும் சத்தம் காதில் கேட்டது: "தம் புடி! தூக்கு!" இருபத்திரண்டு வருடமும் தம் பிடித்துத்தான் தூக்கியிருக்கிறேன். விட்டுவிட்டுத் தூக்கு என்று ஒருவரும் சொன்னதில்லை.

எல்லோரும் போன பிறகு டீச்சரிடம் போய் நின்றேன்.

"டீச்சர், அந்தப் பொண்ணுக்குச் சொன்னியளே... எங்க பக்கத்து வீட்டுல ஒரு அம்மாவுக்கும் அப்படித்தான் இருக்கு."

"அப்படியா? அவாளுக்கு என்ன வயசு?"

"என் வயசுதான்."

"ஆபரேஷன் ஏதாவது ஆயிருக்கா?"

"கர்ப்பப்பை எடுத்துருக்கு."

டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். "முதல்ல அவாளை ஆஸ்பத்திரியில காட்டச் சொல்லுங்கோ. துணைக்கு நீங்களும் போங்கோ. அப்பறம் கிளாஸ் முடிஞ்சு பதினொன்றரைக்கு இங்கே அழைச்சிண்டு வாங்கோ."

"அவ வெக்கப்படுவா டீச்சர். வர மாட்டா."

"சரி, அப்போ நீங்க கத்துண்டு போய் அவாளுக்குச் சொல்லிக் கொடுங்கோ" என்றார். அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

முனிசிபல் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். ரொம்பப் பேருக்கு இருப்பதுதான், பயிற்சி செய்தால் முக்கால்வாசி அடங்கும், பாரம் தூக்காதே என்றார். என் இடுப்பைத் தொட்டுவிட்டு, "இது என்ன கட்டு? யார் இவ்வளவு இறுக்கிக் கட்டச் சொன்னது? இது மேலேயிருந்து அமுக்கும், எல்லாம் கீழேதான் இறங்கும்" என்று திட்டினார். கட்டினால் நிற்கும் என்றுதானே கட்டினேன் என்று சொல்ல வாய் வந்தது. அப்போதுதான் சிமென்ட் மூட்டை ஞாபகம் வந்தது. நடுவில் கயிறு போட்டு இறுக்கித் தூக்கினால் அடித்தையல்தான் பிரியும். ஆயிரம் மூட்டை அப்படிப் பிரிந்து பார்த்தவள் நான். என் வயிற்றுக்கு அதை நினைத்துப் பார்க்கவில்லை.

ஆனாலும் கட்டை அவிழ்க்க மனம் வரவில்லை. டீச்சர் முதல் நாள் ஒரு கறுப்புக் கால்சட்டை கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு, மேலே என் ஜாக்கெட்டோடும் துண்டோடும் கண்ணாடி முன்னால் நின்றபோது, நாக்காவில் என்னோடு நின்றவர்கள் யாராவது பார்த்தால் நான்தான் என்று தெரியாமல் விலகிப் போய்விடுவார்கள் என்று தோன்றியது.

"இடுப்புல என்ன?"

"கட்டு டீச்சர்."

"அவிழுங்கோ."

"இது இல்லாட்டி குடல் எறங்கிரும்."

"நான் பிடிச்சுக்கறேன், அவிழுங்கோ."

நான்கு முழத் துணி. சுற்றிச் சுற்றி அவிழ்த்து மடித்து வைத்தேன். இடுப்பைச் சுற்றிச் சிவப்பாக இரண்டு வரி பதிந்து கிடந்தது. அடிவயிறு எனக்குச் சொந்தமில்லாதது போலத் தொங்கியது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூடத்தில் யாருமில்லை. ஆனாலும் நடுத்தெருவில் நிற்பது போல இருந்தது.

டீச்சர் ஒரு வளையத்தை என் நெஞ்சு உயரத்துக்கு இறக்கினார். அதைப் பிடித்துக்கொண்டு, காலைத் தரையில் ஊன்றி, மெதுவாக உட்காரப் போகிற மாதிரி இறங்கச் சொன்னார். பிறகு மூச்சை வாயால் விட்டுக்கொண்டே, ஒண்ணுக்கை அடக்குகிற மாதிரி கீழிருந்து மேலே இழுத்து, குதிகாலை மட்டும் தூக்கு. இவ்வளவுதான்.

"கை உங்களுக்கு என்னோடதை விட பலம்" என்றார் டீச்சர். "அதுதான் ப்ராப்ளம். எல்லா வேலையும் கையே பண்றது. கையைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்கோ."

கையைச் சும்மா இருக்கச் சொல்வது லேசா? நான் சாப்பிட்ட சோறெல்லாம் இந்தக் கை கொண்டுவந்தது. வளையத்தைத் தொட்டதும் அது பாரத்தைக் கண்ட மாதிரி இறுகிவிடும். கூடவே மூச்சும் நின்றுவிடும். "மூச்சு!" என்பார் டீச்சர். விடுவேன். மறுபடி நிற்கும். "மூச்சு, பூமாரியம்மா!" முதல் வாரம் முழுக்க மூச்சு விட மட்டும்தான் படித்தேன். பிறந்ததிலிருந்து விட்டுக்கொண்டிருந்ததை நாற்பத்து ஏழு வயதில் ஒருவர் சொல்லித்தந்தார். நாற்பது வயதில் எழுத்துப் படித்தபோதும் இப்படித்தான் இருந்தது. தெரிந்த சொல்லையே ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டுப் போகவேண்டும்.

அதற்கு முன்னால் நான் அடக்கப் பழகாதவள் இல்லை. எங்கள் தெருக் கக்கூஸில் காலையில் முப்பது பேர் நிற்பார்கள். கட்டடத்தில் பெண்களுக்கு இடமே கிடையாது. பொழுது சாயும்வரை அடக்கியவள்தான். ஆனால் அந்த அடக்கம் வேறு. அது பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது. இது அப்படி இல்லை. யாரையோ மெதுவாகக் கைகொடுத்து எழுப்புவது போல.

வீட்டிலும் செய்யச் சொன்னார் டீச்சர். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, மூச்சு விட்டுக்கொண்டே ஒரு காலைத் தூக்குவது. எங்கள் ஒற்றை அறையில் ஒளிந்துகொள்ள ஏது இடம்? எண்ணெய் டின் தட்டி நிமிர்த்தும் பட்டறையிலிருந்து மதியச் சோற்றுக்கு வந்த என் வீட்டுக்காரர் நயினார் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏளா, என்ன இது, மருந்து அடிச்ச கரப்பான் மாதிரி கெடக்க?"

"இடுப்பு வலிக்கு டாக்டர் சொன்னது."

"டாக்டர் சொன்னாரா, அந்த ரிங்கு டீச்சர் சொன்னாவளா? நாளைக்கு நீ அதுல தொங்கப்போற. நான் கீழ டப்பா வச்சுக்கிட்டு காசு பிரிக்கணும் பாத்துக்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. மூச்சை விட்டுக்கொண்டே மேலே இழுத்துப் பிடித்தேன். ஒரு சொட்டுக்கூட வரவில்லை. அது ஆறாவது வாரம். அவர் கை கழுவப் போனதும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வளைகாப்பைத் தாராவியிலேயே சின்ன மண்டபத்தில் வைத்துக்கொண்டோம். மாலதி கை நிறைய வளையலோடு என் பக்கத்தில் வந்து, "இங்க நடக்குன்னாதான் நீ வருவ" என்று மட்டும் சொன்னாள். நான் அவள் கன்னத்தில் சந்தனம் பூசினேன். அவள் முகத்தைத் திருப்பவில்லை, ஆனால் என்னைப் பார்க்கவும் இல்லை.

மூன்றாவது மாதத்தில் வளையத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் தரையிலிருந்து விரல் உயரம் தூக்கி, மூன்று எண்ணும்வரை நிற்க முடிந்தது. ஒரு நாள் டீச்சர் வளையத்தை இடுப்பு உயரத்துக்கு வைத்து, என்னை அதற்குள் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் பிடித்திருந்தேன். அது லேசாகச் சுற்றியது.

"ஒரு கையை விடுங்கோ."

விட்டேன்.

"இன்னொண்ணு."

ஏழாவது மாடிச் சாரத்தில் தலையில் சட்டியோடு நடந்திருக்கிறேன். அப்போது பயந்ததில்லை. காலுக்குக் கீழே பலகை இருந்தது. இங்கே ஒன்றும் இல்லை. இரண்டாவது கையையும் விட்டபோது என்னைப் பிடித்திருந்தது எது என்று எனக்குத் தெரிந்தது. அது தொப்புளுக்குக் கீழே, உள்ளே, கை போகாத ஒரு இடத்தில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே தாதர் பக்கமாக ஒரு வண்டி போனது. அது முழுவதும் போய் முடிகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மாலதிக்குப் பெண் பிறந்தது. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்கே போய்ப் பார்த்து வந்தார். மூன்றாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று போன் வந்ததும் நான் கிளம்பினேன். கட்டு கட்டவில்லை. பைக்குள் இரண்டு மடித்த துணி மட்டும் வைத்துக்கொண்டேன்.

குர்லா பாலத்தில் வண்டி வந்து நிற்பது தெரிந்தது. எல்லோரும் ஓடினார்கள். நான் ஓடவில்லை, அடுத்ததில் ஏறினேன். மான்கூர்ட் தாண்டிக் கழிமுகப் பாலத்தில் வண்டி போகும்போது உப்புக் காற்று முகத்தில் அடித்து இருமல் வந்தது. மூச்சு விட மறந்துவிட்டேன். கொஞ்சம் போனது. கொஞ்சம்தான். போன வருடம் என்றால் வாஷியில் இறங்கித் திரும்பியிருப்பேன். நெருள் ஸ்டேஷன் கக்கூஸில் துணியை மாற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அதே சோபா. உறை மட்டும் வேறு. நான் சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தேன்.

"சோபாவுல உக்கார மாட்டேன்னு நேர்ச்சையா?" என்றாள் மாலதி, படுத்திருந்த இடத்திலிருந்தே.

"விடு மாலதி. வந்ததும் வராததுமா" என்றார் முப்பிடாதியம்மாள். பேத்தியை என் மடியில் வைத்தார். உள்ளங்கைச் சூட்டில் ஒரு சின்ன முகம். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் ஒரு பழைய நூல் சேலையை நீளமாக மடித்து எடுத்து வந்தார். "டாக்டரும் நார்மல் டெலிவரிதான்னு சொல்லிட்டாக. இவ வெந்நில குளிச்சாச்சு. கட்டிவிடுங்க மயினி. ஒங்களுக்காகத்தான் ரெண்டு நாளா கட்டாம வச்சிருக்கோம்."

பிள்ளையை அவரிடம் கொடுத்துவிட்டு எழுந்தேன். மாலதி கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். துணியை அவள் அடிவயிற்றில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினேன். என் கைக்கு அந்த வேலை தெரியும். முழங்காலை அவள் இடுப்புக்கு முட்டுக் கொடுத்து, துணியின் நுனியைப் பிடித்து, 'தம் புடிட்டி' என்று சொல்லி ஒரே இழு. என் மாமியார் அப்படித்தான் இழுத்தார்.

கை இழுக்கவில்லை.

"என்னம்மா? இழு."

"வேண்டாம்ட்டி."

"என்னது வேண்டாம்?"

"இறுக்கிக் கட்ட வேண்டாம்."

மாலதி கையை இறக்கினாள். "இதுக்கும் ஒனக்கு மனசு வரல, என்ன? ஒரு நா வந்துட்டு ஓடணும்னுதான வந்த?"

டாக்டர் வேண்டாம் என்றார், அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கலாம். அவளும் ஒத்துக்கொண்டிருப்பாள். ஆனால் அந்த ஒரு வருடம் அப்படியே நடுவில் கிடக்கும். நான் துணியைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டேன். மூச்சை விட்டேன்.

"அன்னைக்கு நான் தண்ணிய கை தவறிக் கொட்டல மாலதி. வேணும்னுதான் ஊத்துனேன்."

"அதான் எனக்குத் தெரியுமே."

"ஒனக்குத் தெரியாது. சிரிச்சேம்லா, அப்ப எனக்கு ஒண்ணுக்கு வந்துட்டு. சோபா நனைஞ்சுட்டு. அத மறைக்கதுக்குத்தான் ஊத்துனேன்."

நான் தொடர்ந்து சொன்னேன். கட்டு, கலவைச் சட்டி, ஆபரேஷன், குர்லா பாலம், வளையம். கோர்வையாகச் சொன்னேனா என்று தெரியாது. பாதியில் மாலதி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு வருஷம்" என்றாள். "அதுக்காகவா ஒரு வருஷம் வரல? என்கிட்டச் சொல்லக் கூடாதா? நான் யாரு ஒனக்கு?"

நான் கையிலிருந்த துணியை இன்னும் சுருட்டினேன்.

முப்பிடாதியம்மாள்தான் வாயைத் திறந்தார். "அந்த ஒறையத் தொவைச்சது நாந்தான, மயினி. தண்ணி எது, மத்தது எதுன்னு எனக்குத் தெரியாதா?"

மாலதி அவர் பக்கம் திரும்பினாள். "அத்தே! ஒங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சுகிட்டா சும்மா இருந்திய? நான் நெதம் அழுததப் பாத்தியள்லா?"

"நான் என்னன்னு சொல்லுவேன்? சம்பந்தியப் பத்தி மருமவகிட்டச் சொல்லுத காரியமா அது? அவுகளே மறைச்சதை நான் எப்படித் தொறக்க?" அவர் குரல் இறங்கியது. "அதுவுமில்லாம, சொன்னா, ஒங்களுக்கு எப்படித் தெரியும்னு நீ கேப்ப. எனக்கும் நாலு வருஷமா உண்டு. ஊருக்குப் போகையில பஸ்ஸு வேண்டாம், ரயிலுதான் வேணும்னு நான் எதுக்கு அடம் புடிக்கேன்னு நெனச்ச? ரயில்லதான் கக்கூஸ் இருக்கு."

மாலதி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டப்போகிறாளா அழப்போகிறாளா என்று தெரியவில்லை.

"ரெண்டு பேரும் நல்லா வாச்சிய எனக்கு" என்றாள் கடைசியில். "ஒருத்தி சொல்ல மாட்டா, இன்னொருத்தி கேக்க மாட்டா. நடுவுல நான் பைத்தியக்காரி." பிறகு குனிந்து, தன் நைட்டியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "நேத்து தும்மும்போது எனக்கும் வந்துச்சு. பிள்ள பெத்ததால அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"இப்ப பச்ச உடம்பு. ஆறு வாரம் போவட்டும்" என்றேன். "நம்ம டாக்டர்கிட்டக் கேட்டுட்டு அப்பொறம் பாப்பம்."

"அந்த ரிங்க நானும் பாக்கலாமா?" என்று கேட்டார் முப்பிடாதியம்மாள். "என் வெயிட்டுக்குக் கூரை நிக்குமா, மயினி?"

நான் போய் சோபாவில் உட்கார்ந்து, கையில் சுருட்டி வைத்திருந்த சேலைத் துணியை இரண்டாக மடித்து மடியில் போட்டு, பேத்தியை அதன்மேல் கிடத்திக்கொண்டேன். அவள் காலை உதைத்தாள். ஒரு நிமிடம் கண்ணை இறுக்கி மூடினாள். பிறகு முகம் மலர்ந்தது.

துணி வழியாக என் சேலைக்குச் சூடாக இறங்கியது.

மாலதி எட்டிப் பார்த்தாள். சோபாவில் ஈரம் பரவுவதைப் பார்த்தாள். "எம்மா, இது நீயா, அவளா?" என்றாள்.

முதலில் சிரித்தது முப்பிடாதியம்மாள். வாயைப் பொத்திக்கொண்டு, அப்படியே சுவரில் சாய்ந்து, "ஐயோ, என்னய விடுங்க" என்று பாத்ரூமுக்கு ஓடினார். அவர் ஓடுவதைப் பார்த்து மாலதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளைப் பார்த்து நானும் சிரித்தேன். மூச்சை விட்டுக்கொண்டேதான் சிரித்தேன். ஆனால் நிற்காமல் வந்தது சிரிப்பு.

"எனக்கு ரெண்டு சொட்டு" என்றேன்.

"எழுந்திரு" என்றாள் மாலதி. "ஒறைய உருவு. நனைச்சு வைப்போம்."